லண்டன் போகிற கொழும்பு ஆட்களுக்கு: பெல்பாஸ்ட் போர்க்கப்பலைச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வெள்ளவத்தைக் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மகளின் பிள்ளைப்பேறு, தம்பி மகனின் கல்யாணம், குடிபூரல் என்று ஏதாவது ஒரு சாட்டில் போகிறோம். திரும்புவதற்குள் ஒரு நாள் 'லண்டன் பார்க்க' வெளிக்கிடுவோம். டவர் பிரிட்ஜில் நின்று எடுக்கும் படங்களில் ஆற்றோரமாக ஒரு போர்க்கப்பல் விழுந்திருக்கும். அதுதான் எச்.எம்.எஸ். பெல்பாஸ்ட். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சண்டையிட்ட கப்பல். உடைத்து இரும்பாக விற்கப்பட இருந்ததை, ஒருகாலத்தில் அதன் தலைவராக இருந்த மோர்கன் கைல்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் போராடிக் காப்பாற்றினார்கள். 1971 ஒக்டோபர் 21 முதல் தேம்ஸ் நதியில் நூதனசாலையாக நிற்கிறது.

உள்ளே போகிறவர்களில் கனபேர் மேல்தட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பீரங்கிக்கு முன்னால் படமெடுத்து, தலைவரின் நாற்காலியில் பிள்ளையை இருத்திப் பார்த்துவிட்டு, கால் உளைகிறது என்று இறங்கிவிடுவார்கள். காசு கொடுத்து ஏறியதற்கு அது போதாது. கப்பலின் உயிரெல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது: கால் களைக்க முன்னர் அடித்தளம், பிறகு ஆட்கள் வாழ்ந்த நடுத்தட்டுகள், கடைசியில்தான் பீரங்கியும் காற்றும்.

புறப்பட முன்னர், கொழும்பிலேயே

விசா, விமான டிக்கெட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதை விடுவோம். ஆனால் ஒரு பின்னேரத்தை ஒதுக்கிக் கொழும்பிலேயே கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனால், லண்டன் கப்பல் உங்களோடு வேறு விதமாகக் கதைக்கும்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் காலையில் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலான ஹெக்டரும், டெனடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் மூழ்கின. முதல் நாள் இரவே கொழும்பை விட்டு வெளியேறிய டோர்செட்ஷயர், கோர்ன்வால் ஆகிய இரண்டு குரூசர்களை (வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்களை) அன்று பிற்பகல் நடுக்கடலில் கண்டுபிடித்து அடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள். கடலில் மிதந்த 1,122 பேரை அடுத்த நாள்தான் காப்பாற்ற முடிந்தது. நாலு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போனது. அது இன்றும் அங்கே கடலடியில்தான் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் கொழும்பில் தடயம் இருக்கிறது. இன்று கோப்பி குடிக்கப் போகிற ரேஸ்கோர்ஸ் அன்று விமான ஓடுபாதை. ஜப்பானிய விமானங்களை எதிர்க்க ஹரிகேன் விமானங்கள் அங்கிருந்து எழும்பின. ஜாவத்தையில் உள்ள லிவரமெந்து மயானத்தில் அந்தப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. கல்லில் உள்ள பெயரையும் வயதையும் வாசித்தாலே போதும். கோட்டையில் துறைமுக அதிகாரசபையின் கடல்சார் நூதனசாலை, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. சின்ன இடம்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

பெல்பாஸ்டும் குரூசர் வகைதான். மூழ்கிய அந்த இரண்டையும்விடப் புதியது. அதைவிடப் பெரிய விஷயம், அது கொழும்புக்கு வந்த கப்பல். ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு, 1945 ஜூன் 17 அன்று பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டு, ஜிப்ரால்டர், மோல்டா, அலெக்சாந்திரியா, போர்ட் சைட், ஏடன், கொழும்பு என்று வந்து, ஓகஸ்ட் 7 அன்று சிட்னி சேர்ந்தது. கொட்டாஞ்சேனையிலோ செட்டியார் தெருவிலோ அப்போது இருந்த உங்கள் பாட்டனார் இந்தக் கப்பலைத் தூரத்தில் கண்டிருக்கக்கூடும். அம்மம்மாவிடம் 'யப்பான்காரன் குண்டு போட்ட கதை' இருந்தால், போக முன்னர் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

டிக்கெட், நாள், நேரம்

லண்டனில் பல பெரிய நூதனசாலைகளுக்குக் காசில்லை. இதற்கு உண்டு. பெரியவர் ஒருவருக்கு இருபது பவுணுக்கு மேல் போகும்; ரூபாயில் கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், பார்க்காதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். குடும்ப டிக்கெட் தனியாக எடுப்பதைவிட மலிவு. இம்பீரியல் போர் நூதனசாலைதான் 1978 முதல் கப்பலை நடத்துகிறது. அவர்களின் இணையத்தளத்தில் அன்றைய நேரத்தையும் விலையையும் பார்த்து முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். டிசெம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் கவனம்.

பள்ளிக்கூட நாளில், காலையில் திறந்தவுடன் போவது நல்லது. ஏணிகள் ஒடுக்கம், சனி ஞாயிறில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே துவாரத்தில் முட்டுப்படுவார்கள். ஆறுதலாகப் பார்க்க மூன்று மணித்தியாலம் வேண்டும். குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எந்த ரெயில்?

நம் ஆட்கள் இருக்கும் இடங்களிலிருந்து அநேகமாக ஒரே ரெயில்தான். வெம்பிளி பார்க், ஸ்டான்மோர் பக்கமென்றால் ஜூபிலி பாதையில் ஏறி நேரே லண்டன் பிரிட்ஜ். ரூட்டிங்கிலிருந்து நோர்தேர்ன் பாதை. 'பாங்க் வழி' என்று போட்ட ரெயிலாகப் பார்த்து ஏறினால் அதே லண்டன் பிரிட்ஜில் விடும். குறொய்டன்காரருக்கு ஈஸ்ட் குறொய்டனிலிருந்து பெரிய ரெயில் இருக்கிறது. ஹரோவில் நிற்கிறவர்கள் மெட்ரோபொலிட்டன் பாதையில் வந்து வெம்பிளி பார்க்கில் ஜூபிலிக்கு மாறலாம். ஈஸ்ட்ஹாமில் நின்றால் டிஸ்ட்ரிக்ட் பாதையில் டவர் ஹில் வரைக்கும் போய் இறங்கி, டவர் பிரிட்ஜை நடந்தே கடந்து வாருங்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். பாலத்தின் நடுவில் நின்றால் 187 மீற்றர் நீளமும் ஒரே பார்வையில் தெரியும்.

லண்டன் பிரிட்ஜில் இறங்குகிறவர்கள் டூலி வீதிப் பக்கமாக வெளியே வந்து, எதிரே ஹேய்ஸ் கலரியா என்ற கண்ணாடிக் கூரைக் கட்டடத்துக்குள்ளால் நடந்தால் ஆற்றங்கரை. வலது பக்கம் திரும்பினால் கப்பல் நிற்கும்.

உடுப்பு, சப்பாத்து, சாப்பாடு

சேலை வேண்டாம். அழகுக்குறைச்சல் ஒன்றுமில்லை, ஏணிதான் பிரச்சினை. சல்வாரோ காற்சட்டையோ போட்டால் நிம்மதி. செருப்பும் வேண்டாம், அடி வழுக்காத சப்பாத்து. கோடையிலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும், ஆற்றுக் காற்று மேல்தட்டில் சுள்ளென்று அடிக்கும். பெரிய பாக், சூட்கேஸ் கொண்டுபோக வேண்டாம். கைப்பையையும் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கையும் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

கட்டிக்கொண்டு போகிற புளிச்சாதத்தை இறங்கிய பிறகு பக்கத்தில் உள்ள பொட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவில் இருந்து சாப்பிடலாம். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு ஏணி ஏறுவதைவிட இது மேல்.

ஏறியவுடன்: ஒரு உடம்பில் இரண்டு காலம்

கரையிலிருந்து கப்பலின் பின்தட்டுக்கு ஒரு நடைபாலம் இருக்கிறது. தேம்ஸில் வற்றும் பெருக்கும் ஏழு மீற்றர் வரை போகும். கொழும்பில் கடல் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை என்பதால் நமக்கு இது புதினம். காலையில் ஏறும்போது கண்ட கரைச்சுவர், மத்தியானம் இறங்கும்போது வேறு உயரத்தில் இருக்கும். கப்பலோடு சேர்ந்து நீங்களும் மெல்ல ஏறியோ இறங்கியோ இருப்பீர்கள்.

பின்தட்டில் நின்று நிமிர்ந்து பாருங்கள். உடம்பில் வெட்டிவெட்டிப் பூசியிருக்கும் சாம்பல், நீல நிறங்கள் உலகப் போர்க்கால மறைப்பு வண்ணம். எதிரிக்குக் கப்பலின் உருவம் பிடிபடாமல் இருக்க. ஆனால் மேலே தெரியும் கம்பிச்சட்டக் கொடிமரங்களும் மூடிய கட்டளைமேடையும் 1956 முதல் 1959 வரை நடந்த திருத்தத்தில் வந்த வடிவம். போரின்போது கட்டளைமேடைக்குக் கூரையில்லை. ஆர்க்டிக் பனியில் அப்படியே நின்றார்கள். ஆக, 1940களின் சட்டையைப் போட்ட 1959ஆம் ஆண்டுக் கப்பலைத்தான் பார்க்கிறோம். இதை முதலே தெரிந்துகொண்டால் உள்ளே ஒரு அறையில் தூங்குமஞ்சமும் (கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை) இன்னொரு அறையில் கட்டிலும் ஏன் இருக்கின்றன என்று குழம்பத் தேவையில்லை.

கொடிமரங்கள் துருப்பிடித்துப்போய், 2010இல் புதிதாக மாற்றப்பட்டன. அவற்றை ரஷ்யா கொடுத்தது. ஆர்க்டிக் கடல்வழியாக சோவியத் யூனியனுக்குச் சாமான் கொண்டுபோன கப்பல்களுக்குக் காவல் போனதற்கான நன்றி.

முதலில் கீழே இறங்குங்கள்

காதில் மாட்டும் விளக்க ஒலிக்கருவியை எடுத்துக்கொண்டு, நேரே கொதிகலன் அறைக்கும் இயந்திர அறைக்கும் வழிகாட்டும் அம்புக்குறியைப் பிடியுங்கள். ஏணியில் இறங்கும்போது முகம் ஏணிப் பக்கம் இருக்க வேண்டும். வீட்டு மாடிப்படியில் வருவதுபோல முன்னால் பார்த்து இறங்கினால் தலை இரும்பு விளிம்பில் படும். பிள்ளை முன்னால், பெரியவர் பின்னால் என்று போகாமல், பெரியவர் ஒருவர் முதலில் கீழே இறங்கி நிற்கட்டும்.

கீழே போகப்போக வாசம் மாறும். பழைய எண்ணெய், பெயின்ற், ஈர இரும்பு. இயந்திர அறையில் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறும்: தோள் அகலக் குழாய்கள், அவற்றைச் சுற்றிய வெள்ளை உறை, கைபட்டு மினுங்கும் சக்கர வால்வுகள், ஒவ்வொன்றிலும் அதன் வேலையைப் பொறித்த சின்னத் தகடு. சுவரில் வட்டவட்டமாக அழுத்தமானிகள். நாலு கொதிகலன், நாலு டேர்பைன், நாலு சுழல்தண்டு. எல்லாம் சேர்ந்து 80,000 குதிரைவலு. மணிக்கு 32 கடல்மைல் வேகம் வரை ஓடியது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். கொதிகலன் அறை, இயந்திர அறை, திரும்பக் கொதிகலன் அறை, திரும்ப இயந்திர அறை என்று மாறிமாறி வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் அடிபட்டாலும் மற்றச் சோடி கப்பலை ஓட்டும். கொதிகலன் அறைக்குள் காற்றை அழுத்தி வைத்திருந்ததால் இரட்டைக் கதவுக்குள்ளால்தான் உள்ளே போனார்கள்; ஒன்றைப் பூட்டாமல் மற்றதைத் திறந்தால் தீ வெளியே சீறும். தலைக்கு மேலே தண்ணீர் மட்டம், அதற்கு மேலே சண்டை. இங்கே வேலை செய்தவர்களுக்கு எதுவும் தெரியாது, மணியும் குழாய்க்குரலும் சொல்வது மட்டும்தான்.

இங்கே நின்றுகொண்டுதான் கண்ணிவெடிக் கதையைச் சொல்ல வேண்டும். கப்பல் படையில் சேர்ந்தது 1939 ஓகஸ்ட் 5. அடுத்த மாதம் போர். நவம்பர் 21 அன்று ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் ஒரு காந்தக் கண்ணிவெடி கப்பலுக்கு அடியில் வெடித்தது. வெளியே பெரிய ஓட்டையில்லை. ஆனால் அதிர்ச்சி கப்பலின் முதுகெலும்பையே முறித்துவிட்டது, இயந்திரங்களும் நொறுங்கின. திரும்பவும் சேவைக்கு வந்தது 1942 நவம்பரில். ஏறத்தாழ மூன்று வருஷம் திருத்த வேலை. புதுக் கப்பல் கட்டுகிற காலம் அது.

குண்டறை

அதே கீழ்ப்பகுதியில் பீரங்கிக் குண்டுகளை அடுக்கிய அறை இருக்கிறது. ஒவ்வொரு குண்டும் ஐம்பது கிலோ, நம் கடைகளில் இறக்கும் பெரிய அரிசி மூடையின் பாரம். அதைத் தூக்கி ஏற்றத்தில் வைத்து மேலே அனுப்ப வேண்டும், ஆடுகிற கப்பலில், மணிக்கணக்காக. பன்னிரண்டு பீரங்கிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆறேழு குண்டு கேட்கும். மேலே பீரங்கிக்கு முன்னால் படமெடுக்கிற யாரும் இந்த அறையை முதலில் பார்த்துவிட்டால் அந்தப் படத்தில் முகம் கொஞ்சம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1944 ஜூன் 6 அதிகாலை ஐந்தரைக்குச் சற்று முன்னர் நோர்மண்டிக் கரையை நோக்கி இந்தக் கப்பல் சுடத் தொடங்கியது. லா மரபொன்ரேன் என்ற இடத்தில் இருந்த ஜெர்மன் பீரங்கித் தளம்தான் குறி. சேர்ச்சில் அன்று இந்தக் கப்பலில் வரவேண்டும் என்று அடம்பிடித்தார். மன்னர் ஆறாம் ஜோர்ஜ் தலையிட்டுத்தான் நிறுத்தினார்.

ஆட்கள் வாழ்ந்த தட்டுகள்

இனி மெல்ல மேலே ஏறுங்கள். போர்க்காலத்தில் 950 பேர் வரை இருந்த கப்பல். மாலுமிகளின் கூடத்தில் மேசைக்கு மேலே தூங்குமஞ்சங்கள் ஒன்றோடொன்று இடிபட்டுத் தொங்கும். சாப்பிட்ட இடமே படுக்கை, படுத்த இடமே சீட்டாட்ட மேசை. மாலுமிகளின் பொம்மை உருவங்களை வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் திடீரென்று கண்டால் திடுக்கிடும்.

குசினியில் நம் ஆட்கள் கட்டாயம் நேரம் எடுப்பார்கள். கல்யாண வீட்டுக் கிடாரம் அளவில் பாத்திரங்கள், பாண் சுடும் போறணை, மலையாகக் கிழங்கு. மாமிமார் அந்த இடத்தில் நின்று கணக்குப் போடத் தொடங்கினால் இழுத்துக்கொண்டு வருவது கஷ்டம். தினமும் மத்தியானம் றம் அளந்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பிரித்தானியக் கடற்படை அதை 1970 ஜூலை 31 அன்றுதான் நிறுத்தியது.

சத்திரசிகிச்சை அறை, பல்வைத்தியரின் நாற்காலி, தேவாலயம், தபால் அறை, சலவை அறை என்று ஒரு சின்ன ஊரே இருக்கிறது. நோர்மண்டிக் கரையில் காயப்பட்டவர்களை இந்த மருத்துவ அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முன்பக்கமாகப் போனால் தண்டனைச் சிறைகள். அலை அடிக்கும்போது கப்பலில் அதிகம் எறிபடும் இடம் முன்பக்கம்தான் என்பதால் அதுவே பாதித் தண்டனை.

கொரியப் போரில் 1952 ஜூலை 29 அன்று கரையிலிருந்து வந்த ஒரு குண்டு கப்பலில் விழுந்தது. தூங்குமஞ்சத்தில் படுத்திருந்த சீன மாலுமி ஒருவர் இறந்தார், நாலு பேர் காயம். பிரித்தானியப் போர்க்கப்பல் என்றால் வெள்ளைக்காரர் மட்டும் என்று நினைத்து உள்ளே வருகிறோம். அந்தப் போரில் எதிரியின் குண்டுக்கு இந்தக் கப்பலில் உயிர்விட்டவர் அவர் ஒருவர்தான்.

மேலே: பீரங்கியும் கட்டளைமேடையும்

இப்போது காற்று வாங்கலாம். முன்பக்க ஆறு பீரங்கிகளும் சும்மா வானத்தைப் பார்த்து நிற்கவில்லை. எம்1 நெடுஞ்சாலையில் உள்ள லண்டன் கேட்வே தரிப்பிடத்தைக் குறிபார்த்து வைத்திருக்கிறார்கள், ஏறத்தாழ 20 கிலோமீற்றர். எட்டக்கூடிய தூரம்தான். லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் போகிற நம் ஆட்கள் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற இடம் அது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

கட்டளைமேடையில் நிற்கும்போது 1943 டிசெம்பர் 26 நினைவில் இருக்கட்டும். நமக்கும் மறக்காத தேதி, வேறு காரணத்துக்காக. நோர்வேயின் வடமுனைக்கு அப்பால், பகலிலும் வெளிச்சமில்லாத கடலில், ஷார்ன்ஹோஸ்ட் என்ற பெரிய ஜெர்மன் போர்க்கப்பலை பெல்பாஸ்டின் ராடார் காலையில் பிடித்தது. பின்னேரம் வரை அதை விடாமல் பின்தொடர்ந்து, டியூக் ஒஃப் யோர்க் என்ற பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல் வந்து சேர வழிசெய்தது. ஷார்ன்ஹோஸ்ட் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 1,968 பேர். காப்பாற்றப்பட்டவர்கள் 36. வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

அதே சண்டையில் ஒல்கா என்ற கலைமானும் கப்பலில் இருந்தது. ரஷ்யர்கள் தளபதிக்குக் கொடுத்த பரிசு. பீரங்கிச் சத்தத்தில் வெறிபிடித்து அடங்காமல் போய், கடைசியில் சுட வேண்டி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முடிவைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் விருப்பம்.

முழங்கால் வருத்தக்காரரும் கைக்குழந்தையும்

அப்பம்மாவைக் கூட்டிப்போக முடியாது என்று முடிவெடுக்க வேண்டாம். எல்லாத் தட்டும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். பிரதான தட்டுகளில் சில பகுதிகளை ஏணி இல்லாமலே பார்க்கலாம். கொதிகலன் அறை, குண்டறை, கட்டளைமேடை மூன்றும் ஏணி இல்லாமல் கிடையாது. தள்ளுவண்டியைக் கீழே கொண்டுபோக வழியில்லை, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பெரியவர்கள் போனால் முறைவைத்து ஒருவர் ஏணி இறங்க மற்றவர் பின்தட்டில் நிற்கலாம்.

இது ஒத்துவராது என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். லம்பெத்தில் உள்ள இம்பீரியல் போர் நூதனசாலையில் லிஃப்ட் இருக்கிறது, நுழைவும் இலவசம். கப்பலைக் கரையிலிருந்து பார்க்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

இறங்கிய பிறகு

படம் எடுக்க நல்ல இடம் எதிர்க்கரை, லண்டன் டவர் பக்கம். அங்கிருந்து முழுக் கப்பலும் தடையில்லாமல் வரும். பரோ சந்தை நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வாசம் பார்க்கப் போகலாம், விலை கேட்டால் பேட்டா ஞாபகம் வரும். வேலை முடிகிற ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் இடையில் லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்குள் பிள்ளைகளோடு இறங்க வேண்டாம். ஒன்றில் நாலரைக்கு முன்னர் ரெயில் பிடியுங்கள், அல்லது ஆற்றங்கரை வாங்கிலில் இருந்து ஏழு மணி வரை கதைத்துவிட்டுப் போங்கள்.